எஞ்சினுக்காகப் பிறந்த கார்: மஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் மூன்று தலைமுறைகள்

கேள்வி: மஸ்டா ஆர்எக்ஸ்-7 1978 முதல் 2002 வரை மூன்று தலைமுறைகளில் எப்படி மாறியது? மற்றவர்கள் கைகழுவிய ரோட்டரி எஞ்சினை மஸ்டா மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருந்தது? மூன்றில் எது நல்ல கார்?

இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொதுவாகக் கார் நிறுவனங்கள் வண்டியைத் திட்டமிட்டுவிட்டு அதற்குப் பொருத்தமான எஞ்சினைத் தேடும். ஆர்எக்ஸ்-7 கதை தலைகீழ். எஞ்சின் முதலில் வந்தது. அதன் குறைகளும் ஊரறிந்த விஷயமாகிவிட்டன. அந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளக்கூடியவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் மட்டும்தான் என்பதால் ஒரு ஸ்போர்ட்ஸ் கூப்பே செய்தார்கள். மூன்று தலைமுறைகளில் நடந்த மாற்றங்களுக்கும், கடைசியில் வண்டி நின்றுபோனதற்கும் இதுதான் வேர்.

ஹிரோஷிமாவில் இருந்த தோயோ கோக்யோ நிறுவனம்தான் பின்னாளில் பெயரை மஸ்டா என்று மாற்றிக்கொண்டது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசு சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைக்கப் பார்த்தது. தனித்து நிற்க வேண்டுமென்றால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தார் தலைவர் ட்சுனேஜி மட்சுடா. ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்து, ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் வளர்த்துவந்த ரோட்டரி என்ற சுழல் எஞ்சினுக்கு 1961-இல் உரிமம் வாங்கினார். அதை ஓடவைக்கும் பொறுப்பு கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளர் தலைமையில் 47 பேரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பார்த்துவிடுவோம். பிஸ்டன் எஞ்சினில் பிஸ்டன் மேலே போய் நின்று, கீழே வந்து நின்று, திரும்பத் திரும்ப ஓடுகிறது. வாங்கெல் எஞ்சினில் நடுவில் இடுங்கிய முட்டை வடிவ அறைக்குள், சமோசாவைப் போல் ஓரங்கள் உப்பிய முக்கோண ரோட்டார் ஒன்று ஒரே திசையில் சுற்றுகிறது. அதன் மூன்று முகங்களுக்கும் அறைச் சுவருக்கும் இடையே மூன்று இடைவெளிகள். ஒன்றில் பெட்ரோல் கலவை உள்ளே வரும்போது, அடுத்ததில் அது நெருக்கப்பட்டு எரியும், இன்னொன்றில் புகை வெளியேறும். வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது, மேலும் கீழும் அடிக்கிற பாகமே கிடையாது. ரோட்டார் ஒருமுறை சுற்றினால் வெளியே வரும் தண்டு மூன்று முறை சுற்றும். அதனால் 7,000 சுற்றிலும் எஞ்சின் அலட்டிக்கொள்ளாது. முதல் ஆர்எக்ஸ்-7-இல் எல்லை நெருங்குவதை ஓட்டுநருக்குச் சொல்ல ஒரு பஸ்ஸரே வைக்க வேண்டியிருந்தது.

சிக்கல் முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தது. ஒவ்வொரு முனையிலும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பட்டை செருகப்பட்டிருக்கும். ஏபெக்ஸ் சீல் என்று அதற்குப் பெயர். ஒரு இடைவெளியின் வாயு அடுத்ததற்குக் கசியாமல் தடுப்பது அதன் வேலை. ஆரம்பச் சோதனைகளில் இந்தப் பட்டை சுவரில் வழுக்கிப் போவதற்குப் பதிலாக அதிர்ந்து அதிர்ந்து குதித்து, சுவர் முழுக்க அலை அலையாகக் கீறி வைத்தது. பொறியாளர்களே அதற்குச் சாத்தானின் நகக்கீறல் என்று பெயர் சூட்டினார்கள். பட்டைக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதன் அதிர்வெண்ணை மாற்றியபோது கீறல் நின்றது. பிறகு கார்பனும் அலுமினியமும் கலந்த பட்டைக்கு மாறினார்கள். 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் 110 குதிரைத்திறனோடு விற்பனைக்கு வந்தது.

சீல் பிரச்சினை தீர்ந்தாலும் வெப்பப் பிரச்சினை தீரவில்லை. இது அந்த எஞ்சினின் பிறவிக் குணம். எரியும் இடம் நீளமாக, தட்டையாக இருக்கிறது. எரிந்துகொண்டிருக்கும்போதே இடம் பெயர்கிறது. சுவர்ப் பரப்பு அதிகம் என்பதால் சூடு தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் போய்விடுகிறது. எரியாத பெட்ரோல் மிச்சத்தோடு கொதிக்கக் கொதிக்கப் புகை வெளியேறுகிறது. சீல்களுக்கு வழுவழுப்பு தர எண்ணெயையும் சிறிது சிறிதாக உள்ளே விட்டு எரித்தே ஆக வேண்டும். மொத்தத்தில் பெட்ரோலைக் குடிக்கும் எஞ்சின்.

1973 வரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறுவனம் துணிந்து குடும்பக் கார், ஏன் வேகனில்கூட ரோட்டரியைப் பொருத்தியது. அந்த ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்ததும் எல்லாம் கவிழ்ந்தது. அமெரிக்காவில் விற்காத கார்கள் தேங்கின. நிறுவனம் கடனில் மூழ்கி, சுமிட்டோமோ வங்கி தலையிட்டுக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. என்எஸ்யூவும் சரி, உரிமம் வாங்கிய மற்றவர்களும் சரி, மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள். மஸ்டாவால் ஒதுங்க முடியவில்லை. போட்ட முதலும் நிறுவனத்தின் முகவரியும் அதே எஞ்சின்தான். எரிபொருள் செலவை 40 சதவீதம் குறைப்பது என்ற இலக்கோடு ஃபீனிக்ஸ் என்று ஒரு திட்டம் போட்டார்கள். மைலேஜ் கணக்குப் பார்க்கும் குடும்பஸ்தரிடம் இனி இதை விற்க முடியாது என்பதும் புரிந்தது. அப்படி மிஞ்சிய வழிதான் 1978 மார்ச்சில் வந்த சவானா ஆர்எக்ஸ்-7.

ரசிகர்கள் எஸ்ஏ என்றும் எஃப்பி என்றும் அழைக்கும் அந்த முதல் கார், எஞ்சினின் நல்ல குணங்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கட்டியது. 573 சிசி ரோட்டார் இரண்டு கொண்ட 12ஏ எஞ்சின் மிகச் சிறியது. அதை முன் அச்சுக்குப் பின்னால், ஏறக்குறைய ஓட்டுநரின் கால்மாட்டுக்குத் தள்ளி, தாழ்வாக உட்காரவைத்தார்கள். முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்ட சமமானது. எஞ்சின் தாழ்ந்ததால் பானட் தாழ்ந்தது. பானட் தாழ்ந்ததால் ஹெட்லைட்டை மடித்து உள்ளே வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆப்பு போன்ற முகம் வடிவமைப்பாளரின் ஆசையால் மட்டும் வந்ததில்லை.

எடை ஏறக்குறைய 1,000 கிலோ. ஜப்பான் கணக்கில் 130 குதிரைத்திறன். அமெரிக்காவின் கறாரான அளவீட்டில் 100. பின்பக்கம் சாதாரண ஒற்றை அச்சுதான், ஆனால் அது பக்கவாட்டில் அசையாதபடி வாட் இணைப்பு என்ற பழைய, நேர்மையான ஏற்பாடு. ஸ்டீயரிங் பழைய பாணி, சற்று மந்தம். இவ்வளவும் அமெரிக்காவில் 7,000 டாலருக்குக் கீழே கிடைத்தது. போர்ஷ 924 அதைவிடப் பல ஆயிரம் டாலர் அதிகம். மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 1985 வரை 4,71,018 கார்கள் விற்பனைக்கு வந்தன. மூன்று தலைமுறைகளும் சேர்ந்து 8,11,634 என்பதால், பாதிக்கு மேல் இந்த ஒன்றே.

பந்தயத்தில் இதன் கணக்கு இன்னும் பெரிது. 1979-இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் வென்றது. 1981-இல் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் டாம் வாக்கின்ஷாவும் பியர் டியுடொன்னேயும் ஓட்டி ஒட்டுமொத்த வெற்றியே பெற்றார்கள். அமெரிக்காவின் ஐஎம்எஸ்ஏ பந்தயங்களில் நூற்றுக்கு மேல் வெற்றி. ரோட்டரி தாங்காது என்று பேசியவர்கள் 24 மணி நேரப் பந்தயங்களைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். ஒரே சீரான உயர் சுற்றில் ஓடுவது இந்த எஞ்சினுக்குப் பிடித்த வேலை. காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதுதான் அதற்குப் பிடிக்காது.

இந்த இடத்தில் ஒரு சிறு இடைமறிப்பு. 1.3 லிட்டரில் இத்தனை குதிரைத்திறனா என்று ரோட்டரி ரசிகர்கள் மார்தட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. ரோட்டரியில் ஒரு ரோட்டாருக்கு ஒரு முகத்தை மட்டும் கணக்கில் எடுத்துத்தான் சிசி சொல்கிறார்கள். தண்டு சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு முகம் எரிகிறது. நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். நியாயமாக ஒப்பிட்டால் 1.3 லிட்டர் ரோட்டரி 2.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்குச் சமம். ஜப்பான் வரித்துறையும் ஏமாறவில்லை, 1.5-ஆல் பெருக்கித்தான் வரி போட்டது. அப்படிப் பெருக்கினாலும் 1,308 சிசி என்பது 1,962 ஆகி, 2,000-க்குக் கீழே பத்திரமாக நின்றது.

1985-இல் வந்த இரண்டாம் தலைமுறை எஃப்சி. இதன் தலைமைப் பொறியாளர் அகியோ உச்சியாமா. இதைப் பார்த்த எவரும் முதலில் சொல்வது போர்ஷ 944-ஐ அப்படியே பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்பதுதான். மறுப்பதற்கில்லை. முக்கிய சந்தை அமெரிக்கா. அங்கே அந்த வகைக் காருக்கு இலக்கணம் போர்ஷ. மலிவு என்ற ஒன்றை வைத்து இனி விற்க முடியாது, தரத்தில் போர்ஷவோடு மோத வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

உள்ளே நடந்த மாற்றம் வெளித்தோற்றத்தைவிடச் சுவையானது. ஜப்பானில் விற்ற எஃப்சியில் 654 சிசி ரோட்டார் இரண்டு கொண்ட 13பி எஞ்சினும் டர்போவும் இணைந்து வந்தன. 185 குதிரைத்திறன், 1989-க்குப் பிறகு 205. முன்தலைமுறையின் கடைசிக் காலத்திலேயே ஜப்பானில் டர்போ எட்டிப் பார்த்திருந்தாலும், ரோட்டரியும் டர்போவும் பொருந்தும் விதம் இங்கேதான் முழுதாகத் தெரிந்தது. ரோட்டரி புகை கொதிப்பது குறை என்று சொன்னேன் அல்லவா? டர்போவுக்கு அதுதான் தீனி. வால்வு தடுக்காமல் பலமான துடிப்புகளாகச் சீறி வரும் சூடான புகை டர்பைனைச் சுழற்றுவதற்கு அருமையாக உதவுகிறது. இரண்டு ரோட்டார்களின் புகையும் ஒன்றையொன்று கெடுக்காமலிருக்க, டர்போவின் வாய்க்கு இரண்டு தனிப்பாதைகள் வைத்தார்கள். வீணாகிக்கொண்டிருந்த வெப்பத்தைக் காசாக்கும் வழி கிடைத்துவிட்டது. கூடவே அந்த வெப்பத்தை எஞ்சினுக்கு மிக அருகில் தேக்கிவைக்கும் பழக்கமும் வந்துவிட்டது.

பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. வளைவில் திரும்பும் விசை குறைவாக இருந்தால் பின்சக்கரம் மிகச் சிறிதளவு வெளிப்புறமாகவும், விசை கூடினால் உள்புறமாகவும் தானாகத் திரும்பும்படி ரப்பர் புஷ்களை வைத்தே ஓர் ஏற்பாடு செய்தார்கள். மோட்டாரோ கணினியோ இல்லாத நான்கு சக்கரத் திருப்பம் என்று சொல்லலாம். புத்திசாலித்தனமான வேலைதான், ஆனால் அந்தப் புஷ்கள் தேய்ந்த பழைய எஃப்சியில் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு யோசிக்கும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அதைக் கழற்றிவிட்டு உலோக புஷ்ஷைப் போட்டுப் பூட்டிவிடுவது வழக்கம்.

எஃப்சியின் எடை 1,200 கிலோவைத் தாண்டியது. திறந்த கூரை வடிவமும் வந்தது. இது ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டுமா, வசதியான கிராண்ட் டூரராக இருக்க வேண்டுமா என்ற தடுமாற்றம் இந்தத் தலைமுறை முழுக்கத் தெரிகிறது. 2,72,027 கார்கள் விற்றன. குறைந்த எண்ணிக்கை அல்ல, ஆனால் சரிவு தொடங்கிவிட்டது.

அடுத்தது எல்லோரும் பேசும் கார். 1991 ஜூனில் நான்கு ரோட்டார் கொண்ட மஸ்டா 787பி, வைட்லர், ஹெர்பர்ட், கஷோ மூவரும் ஓட்டி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அங்கே ஜப்பானியக் கார் ஒன்று ஒட்டுமொத்த வெற்றி பெற்றது அதுவே முதல் முறை. சில மாதங்களில் மூன்றாம் தலைமுறை எஃப்டி அறிமுகமானது. நேரப் பொருத்தம் இதைவிட நன்றாக அமையாது.

தலைமைப் பொறியாளர் டகஹரு கொபயகாவா எஃப்சியின் தடுமாற்றத்தை முதலில் தீர்த்தார்: இது ஸ்போர்ட்ஸ் கார், வேறெதுவும் இல்லை. ஒரு குதிரைத்திறனுக்கு 5 கிலோவுக்கும் குறைவு என்பது இலக்கு. 255 குதிரைத்திறனோடு எடையை 1,250 கிலோ அளவில் நிறுத்துவதற்காகப் பாகம் பாகமாகக் கிராம் கணக்கில் செதுக்கினார்கள். சஸ்பென்ஷன் கைகள் அலுமினியம், பானட் அலுமினியம். உடல் அகலம் 1,760 மில்லிமீட்டர் ஆனதால் ஜப்பானில் சிறிய கார் வகையிலிருந்து பெரிய கார் வகைக்குத் தாவியது, அதற்கும் துணிந்தார்கள். கூர்விளிம்பு ஒன்றுகூட இல்லாத அந்த உடல், பளபளப்பும் பட்டையும் ஒட்டிக் காலாவதியான அந்தக் காலத்துக் கார்களுக்கு நடுவில் இன்றும் புதிதாகத் தெரிகிறது. ஜப்பானியக் கார்களில் இதைவிட அழகான கூப்பே எனக்குத் தெரிந்து இல்லை.

எஞ்சின் அதே 13பி. இந்தமுறை டர்போ இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும். குறைந்த சுற்றில் புகை முழுவதும் முதல் டர்போவுக்குப் போகும். அதனால் மிதித்த உடனே இழுவை கிடைக்கும். 4,500 சுற்றை நெருங்கும்போது இரண்டாவது டர்போவை முன்கூட்டியே சுழலவிட்டுத் தயாராக வைத்து, சட்டென்று இணைக்கும். மாறும் அந்தக் கணத்தில் அழுத்தம் லேசாக விழுந்து எழும். ஓட்டுகிறவர் முதுகில் அது தெரியும். இதைச் செய்வதற்கு வால்வுகள், சோலனாய்டுகள், அவற்றை இணைக்கும் பென்சில் தடிமன்கூட இல்லாத ரப்பர் வெற்றிடக் குழாய்கள் என்று ஒரு பெரும் சிக்கலே எஞ்சினின் உச்சியில் குடியிருக்கிறது. இரண்டு டர்போவின் வெப்பத்துக்குப் பக்கத்தில் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? சில ஆண்டுகளில் கட்டையாக இறுகி வெடித்துவிடும். ஒரு குழாய் கழன்றாலும் இரண்டாவது டர்போ எழாது. எது கழன்றது என்று தேடுவதற்கு மெக்கானிக் மேல்பாகம் முழுவதையும் கழற்ற வேண்டும்.

சூடு இன்னும் பொல்லாதது. குளிர்நீர்ப் பாதையில் இருந்த சிறிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று சூட்டில் விரிசல் விடும், தண்ணீர் குறையும், ஒருமுறை எஞ்சின் கொதித்தால் ரோட்டார் அறைகளுக்கு இடையிலுள்ள ரப்பர் வளையங்கள் போய்விடும். அதற்குப் பிறகு எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. எஃப்டி எஞ்சின்கள் சீக்கிரம் போனதற்கு ஏபெக்ஸ் சீலைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். அழுத்தத்தை இஷ்டத்துக்கு ஏற்றியவர்களின் எஞ்சினில் அது உண்மை. மாற்றம் எதுவும் செய்யாத கார்களைப் பெரும்பாலும் கொன்றது வெப்பம்தான்.

விலை இன்னொரு அடி. 7,000 டாலருக்குள் பிறந்த கார் 1993-இல் அமெரிக்காவில் 30,000 டாலரைத் தாண்டியது. இளைஞர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகவில்லை. பணம் உள்ளவர்கள் இதைவிட நம்பகமானதைத் தேடினார்கள். 1995-ஓடு அமெரிக்க விற்பனை நின்றது. ஜப்பானில் பொருளாதாரக் குமிழி உடைந்த பிறகும் காரை நிறுத்தாமல் செம்மைப்படுத்திக்கொண்டே போனார்கள்: 1996-இல் 265, 1999-இல் 280 குதிரைத்திறன். அந்த 280 அப்போது ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் வைத்துக்கொண்ட எழுதாத உச்சவரம்பு. கடைசியாக வந்த இந்தக் கார்களில் குளிரூட்டல் நன்றாகத் திருத்தப்பட்டிருந்தது; ஆனால் அவை ஜப்பானை விட்டு வெளியே பெரிதாகப் போகவே இல்லை. புதிய புகைக் கட்டுப்பாடு 2002-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது டொயோட்டா சுப்ரா, நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் இரண்டும் நின்றன. எஃப்டியும் ஸ்பிரிட் ஆர் என்ற கடைசிப் பதிப்பின் 1,500 கார்களோடு விடைபெற்றது. மொத்தம் 68,589. முதல் தலைமுறையின் ஏழில் ஒரு பங்கு அளவுதான்.

2003-இல் வந்த ஆர்எக்ஸ்-8 இதன் நான்காம் தலைமுறை என்று சிலர் சேர்ப்பதுண்டு. நான்கு கதவு, டர்போ கிடையாது, புகை வழியும் பக்கவாட்டுக்கு மாறியது. தனிக் கார் என்றே அதைக் கொள்ள வேண்டும். 2023-இல் எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றை ரோட்டார் எஞ்சின் பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்கும் வேலைக்கு வந்திருக்கிறது. சக்கரத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. ஒரே சீரான சுற்றில் ஓடுவதுதான் அதற்குப் பிடிக்கும் என்று முன்பு சொன்னதை மஸ்டாவும் ஒப்புக்கொண்ட மாதிரி.

கடைசிக் கேள்விக்கு வருவோம். வடிவத்துக்கும் ஓட்டும் சுகத்துக்கும் எஃப்டி. செய்ய நினைத்ததைப் பிசகாமல் செய்த கார் என்றால் என் வாக்கு முதல் தலைமுறைக்கு: மலிவு, எளிமை, குறைந்த எடை, எஞ்சினை அதன் இயல்புக்கு மீறி எதுவும் கேட்காத கார். இன்று வாங்கி வைத்து ஓட்ட வேண்டும் என்றால் 1989-க்குப் பிந்தைய எஃப்சி டர்போ. எஃப்டி விலை விண்ணைத் தொட்டுவிட்டது. எஃப்சியை இன்னும் பலர் கண்டுகொள்வதில்லை. எஃப்சி, எஃப்டி இரண்டுக்கும் சில உதிரிபாகங்களை மஸ்டாவே மறுபடி தயாரித்துத் தருகிறது.

எதை வாங்கினாலும் சில விஷயங்களைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். சாதாரண அழுத்தமானி ஒரு ரோட்டாரின் மூன்று முகங்களில் மிக அதிகமானதை மட்டும் காட்டி ஏமாற்றும். மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி அழுத்தமானியில், எஞ்சின் சூடாக இருக்கும்போது சோதிக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினையும் சூடான எஞ்சினையும் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூட்டில் முரண்டு பிடித்தால் உள்ளழுத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். எண்ணெய் கொஞ்சம்கூடக் குறையவில்லை என்று உரிமையாளர் பெருமையாகச் சொன்னால் மகிழ வேண்டாம். எண்ணெய் குறைந்துதான் ஆக வேண்டும். குறையவில்லை என்றால் சீலுக்கு எண்ணெய் விடும் பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியவர் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டியிருந்தால் சரி. அதை மட்டும் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.